அக்கா கொடுத்த இரும்பு

அத்தியாயம் பதினொன்று

சின்னவளுக்கு ரத்தம் ஊறவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள்.

சித்தப்பா காலையில் ஒரு வைத்தியம், மாலையில் ஒரு வைத்தியம் என்று போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்கச் சொன்னார். அடுத்த வாரமே வெந்நீர் கூடவே கூடாது என்றார். சின்னவள் முடி வெட்டும் வேலை பார்த்த அழகு நிலையத்து முதலாளியம்மா, யாரோ ஒருவர் தலையில் கை வைத்தே குணமாக்குகிறார் என்று முகவரியோடு வந்து நின்றாள். சின்னவளின் கணவர் மட்டும் எதற்கும் மசியவில்லை. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "டாக்டர் எழுதிக் குடுத்தா உள்ள போகும். எழுதலேன்னா வாசல்லயே நிக்கும்" என்பது அவர் போட்ட சட்டம்.

பெரியவள் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. அதனால் அவள்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

விஷயம் இதுதான். சின்னவளின் எலும்புக்குள் ரத்தம் தயாராகிற இடம் மெல்ல மெல்ல வேலையை நிறுத்திவிட்டது. சிவப்பணு குறைந்ததில் பாதி மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைந்ததில் கதவில் லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. வெள்ளையணு குறைந்ததில் தெருவில் யாராவது தும்மினால்கூட வீடு நடுங்கியது. முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றி ஏற்றித்தான் அவளை நடமாட வைத்திருந்தார்கள்.

போன வாரம்தான் முதல்முறையாக ஒரு நல்ல செய்தி வந்தது. பெரியவளின் எலும்பு மஜ்ஜை சின்னவளுக்கு அச்சாகப் பொருந்துகிறது! கூடப் பிறந்தவர்களுக்கே பல சமயம் பொருந்தாதாம். லிஃப்ட்காரர் அன்று நடு ஹாலில் நின்று அழுதார். பெரியவள் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள். அம்மா போனபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறூட்டி, தலை வாரி, கல்யாணம் செய்து கொடுத்தது பெரியவள்தான். இப்போது எலும்புக்குள் இருப்பதையும் கொடுக்கப்போகிறாள். அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்று ரத்த நோய்க்கென்றே இருக்கும் பெரிய டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். மஜ்ஜை மாற்றத் தேதி சொல்வார்.

பெரியவள் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் தலைமைச் சமையல்காரி. தங்குவதும் அங்கேயே, சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். இன்று காலை லீவு சொல்லியிருந்தாள். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? உதவிக்காரிகள் ரொட்டியை அடுக்கிக்கொண்டிருக்க, அவள் ஓரமாக நின்று பீட்ரூட்டும் ஆப்பிளும் கேரட்டும் நறுக்கி மிக்சியில் போட்டாள்.

பிறகு எல்லோருக்கும் முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். இரண்டு மாத்திரையை உடைத்து, காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நசுக்கினாள். செம்பழுப்பாகப் பொடி வந்தது. அதை ஜூஸில் கொட்டி இன்னொரு சுற்று ஓட விட்டாள். பீட்ரூட் நிறத்தில் அது இருந்த இடம் தெரியாமல் போனது.

அது இரும்புச்சத்து மாத்திரை. விஷமா என்ன? முதன்முதலில் பார்த்த பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பில் ஊசி போட்டுச் சோதித்துவிட்டு, அதை நிறுத்தச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் அன்றே மிச்ச அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

பெரியவளுக்கு மனசு ஆறவில்லை. ரத்தம் இல்லாத பெண்ணுக்கு ரத்தம் ஊறுகிற மாத்திரையை யாராவது நிறுத்துவார்களா? அவளுக்கே ஒரு காலத்தில் ரத்தம் குறைந்து, கண் இருட்டி, அடுப்படியில் விழுந்திருக்கிறாள். அவளை எழுப்பி உட்கார வைத்தது இந்த மாத்திரைதான். மாப்பிள்ளையிடம் சொன்னால் கூடாது என்பார். அதனால் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றிய பிறகு சின்னவள் முகத்தில் கொஞ்சம் களை வரும்போதெல்லாம், பாதிப் பெருமை தன் ஜூஸுக்கு என்று மனசுக்குள் எடுத்துக்கொண்டாள்.

ஜூஸை பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சின்னவள் வீட்டுச் சாவி பெரியவளிடம் ஒன்று எப்போதும் உண்டு. திறந்து உள்ளே போனால் வாசலிலேயே லிஃப்ட்காரர் நின்றிருந்தார்.

"அண்ணி, செருப்பு வெளிய. கை கழுவிட்டு வாங்க. சளி, தும்மல் எதுவும் இல்லையே?"

"மாப்பிள்ளை, நேத்தும் நான் வந்துட்டுத்தானே போனேன்? ஒரு ராத்திரியில சளி பிடிக்குமா?"

"பிடிக்கும் அண்ணி. அதுக்கெல்லாம் ஒரு நிமிஷம் போதும்."

உள்ளே சோபாவில் சின்னவள் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர்.

"வந்துட்டியா? அக்கா, உனக்கு என்னைப் பாத்தா தங்கச்சி மாதிரி தெரியுதா, காலி டம்ளர் மாதிரி தெரியுதா? வந்ததும் வராததுமா ஊத்தறியே."

"பேசாம குடிடி."

"பாருங்க இதை." சின்னவள் முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்த இடத்தைக் காட்டினாள். "போன வாரம் கார்ல பெல்ட் போட்டது. டாக்டரம்மா கேட்டா புருஷன் அடிச்சார்னு சொல்லப்போறேன்."

"சொல்லு சொல்லு," என்றார் லிஃப்ட்காரர், மாத்திரைப் பெட்டியை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டே. "ஜெயில்லயாவது நிம்மதியாத் தூங்குவேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சின்னவள் ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். பெரியவள் அதை உடனே கொண்டுபோய்க் கழுவினாள். நல்ல நாள், தேதி சொல்லப்போகிற நாள் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறை சின்னது. மூன்று நாற்காலி போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த அந்த அம்மாள், அவசரமே இல்லாமல் ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் படித்தார். சின்னவளின் பார்வை அந்த அம்மாளின் தலையிலேயே இருந்தது. "யாரோ நல்லா வெட்டியிருக்காங்க," என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தாள். பெரியவள் அவள் தொடையில் தட்டினாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். சிரிக்கவில்லை.

"மஜ்ஜை பொருந்தியிருக்கு. அது பெரிய அதிர்ஷ்டம். அதுல எனக்கும் சந்தோஷம்." ரிப்போர்ட்டைத் திருப்பினார். "ஆனா வேற ஒண்ணு இருக்கு. உடம்புல இரும்பு ரொம்ப அதிகமா இருக்கு."

"ரத்தம் ஏத்தறதாலயா மேடம்?" என்றார் லிஃப்ட்காரர். அவர் எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார்.

"ஆமா. ஏத்தற ஒவ்வொரு பை ரத்தத்தோடயும் இரும்பு வரும். உடம்புக்கு அதைச் சேர்த்து வைக்கத்தான் தெரியும், வெளிய தள்ளத் தெரியாது. அதனால ஓரளவு ஏறும்னு எதிர்பார்த்தேன். ஆனா நீங்க ஏத்தின ரத்தத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி. ஈரல்ல போய் சேர்ந்திருக்குன்னு நினைக்கறேன். ஈரல் டெஸ்ட்டும் மோசமா வந்திருக்கு." அவர் சின்னவளைப் பார்த்தார். "இரும்புச்சத்து மாத்திரை, டானிக் ஏதாவது சாப்பிடறியாம்மா?"

பெரியவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். "சான்ஸே இல்ல மேடம். என் கண்ணுல படாம ஒரு மாத்திரை அவ வாய்க்குள்ள போகாது. சொந்தக்காரங்க யார் எதைக் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். அந்த விஷயத்துல எங்க வீடு பக்கா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. எத்தனையோ மாதமாக எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாமல் தவிக்கிற மனுஷன், இது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று நினைத்திருந்தார்.

பெரியவள் சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த இடத்திலேயே. கடைசியில் வந்தது வேறு கேள்வி.

"டாக்டர்... ரத்தம் கம்மியா இருக்கறவங்களுக்கு இரும்பு நல்லதுதானே?"

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஹாஸ்டல்ல சமைக்கறேன்."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். இரும்புங்கறது மளிகை சாமான். மளிகை இல்லாம சமையல் நின்னா, சாமான் வாங்கிக் குடுத்தா சரியாயிடும். நிறைய பொம்பளைங்களுக்கு அப்படித்தான். ஆனா உங்க தங்கச்சிக்கு அடுப்பே எரியல. எரியாத அடுப்பு முன்னால மூட்டை மூட்டையா சாமானை இறக்கிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? சமையல் நடக்காது. நடக்க இடமும் இருக்காது. அந்த மூட்டையெல்லாம்தான் இப்ப ஈரல் மேல விழுந்திருக்கு."

பெரியவள் தலையாட்டினாள். இதைவிடத் தெளிவாக அவளுக்கு யாராலும் சொல்ல முடியாது. எட்டு மாதத்துக்கு முன் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருப்பார்கள். இவள் கேட்டால்தானே?

"அப்ப தேதி?" என்றார் லிஃப்ட்காரர்.

"இப்ப தேதி சொல்ல முடியாது. இந்த ஈரலை வச்சுக்கிட்டு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போனா தாங்காது. முதல்ல ஸ்கேன் எடுக்கணும். இரும்பை இறக்க மருந்து ஆரம்பிக்கணும். அது மாசக் கணக்குல ஆகும்."

"அதுவரைக்கும் அவளுக்கு ரத்தம்?"

"ஏத்தித்தான் ஆகணும்."

"ஏத்தினா இரும்பும் ஏறுமே?"

"ஏறும்."

"வேற வழி இல்லையா மேடம்? ஊசி மருந்து ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. அதுக்கும் உடம்பு தாங்கணும். இவங்க வயசுக்கு, இவ்வளவு நல்லாப் பொருந்தற அக்கா இருக்கும்போது, மாற்று சிகிச்சைதான் என்னோட முதல் யோசனை. ஆனா காத்திருக்கறதும் ஆபத்து, அவசரப்படறதும் ஆபத்து. எது கொஞ்சம் குறைச்சலான ஆபத்துன்னுதான் பாக்க முடியும். இன்னிக்கு உறுதியா ஒரு பதில் என்கிட்ட இல்லம்மா. மன்னிச்சுக்கோங்க."

மன்னிச்சுக்கோங்க என்று ஒரு டாக்டர் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. வாயாடி முகமூடியை இழுத்து மூக்குக்கு மேலே விட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சின்னவளைச் சுவரோரம் ஒரு நாற்காலியில், ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். லிஃப்ட்காரர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்துவிட்ட இடத்தை விரலால் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார்.

"அண்ணி, கொஞ்சம் இப்படி வாங்க."

பெரியவள் போனாள். அவர் கண் சிவந்திருந்தது.

"எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றார்.

அவள் கைப்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"நான்தான் அண்ணி."

"என்ன சொல்றீங்க?"

"லிஃப்ட் குழியில இறங்கி வேலை பாக்கறேன். கம்பி வடம் தேயத் தேய மேலேர்ந்து இரும்புத் தூளா கொட்டும். தலை, சட்டை, மூக்கு, காது எல்லாத்துலயும் அதான். அதோடதான் வீட்டுக்கு வர்றேன். அவ பக்கத்துல படுக்கறேன். உடம்பு நல்லா இருந்த வரைக்கும் அந்தச் சட்டையை அவதானே துவைச்சா?"

"சட்டை வழியா எப்படி மாப்பிள்ளை..."

"வேற எது வழியா? நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணு ஒண்ணா கழிச்சுப் பாத்துட்டேன். தண்ணி பில்டர் புதுசு. பாத்திரம் பூரா எவர்சில்வர். மாத்திரை என் கையாலதான் குடுக்கறேன். உங்க கையால வர்றதைத் தவிர வெளிச் சாப்பாடே கிடையாது. மிச்சம் நான் ஒருத்தன்தான்." அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "இன்னிலேர்ந்து நான் வீட்டுக்கு வரல. ஏதாவது ஒரு கட்டடத்துல மிஷின் ரூம்லயே படுத்துக்கறேன். நீங்க ஹாஸ்டல்ல சொல்லிட்டு வந்து அவகூட இருங்க அண்ணி. உங்க கையால சாப்பிட்டாத்தான் அவ தேறுவா."

இதற்குமேல் யாரால் பொறுக்க முடியும்? திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். இந்த மனுஷன் செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, செய்தவள் கையிலேயே பெண்டாட்டியை ஒப்படைக்கிறாரே!

"நீங்க இல்ல மாப்பிள்ளை," என்றாள். "நான்தான்."

அவர் புரியாமல் பார்த்தார். பெரியவள் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். காலையில் பிரித்த இரண்டு குழியும் காலியாக இருந்தன. அவர் வாங்கி, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எதுல?"

"ஜூஸ்ல."

"எப்பலேர்ந்து?"

"நீங்க குப்பையில போட்டீங்களே, அன்னிலேர்ந்து. தினமும்."

அவர் ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார். பேசியபோது குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குழிக்குள்ள ஆள் இறங்கறதுக்கு முன்னாடி, மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு அதுல ஒரு அட்டை தொங்க விடுவோம் அண்ணி. ஆள் உள்ள இருக்கார், யாரும் தொடாதீங்கன்னு. யாரோ ஒருத்தர், லிஃப்ட் ஓடலையே, பாவம் வயசானவங்க நிக்கறாங்களேன்னு நல்ல மனசோட அந்த அட்டையைக் கழட்டிட்டு ஸ்விட்சைப் போட்டா, உள்ள இருக்கறவன் என்ன ஆவான்?"

"தெரியாம பண்ணிட்டேன் மாப்பிள்ளை."

"தெரியாம பண்ணலை. எனக்குத் தெரியாம பண்ணியிருக்கீங்க."

"அவளை ஏன் திட்டறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னவள் சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்திருந்தாள். நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு இரைத்தது. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டம்ளர் அடியில மண்ணு மாதிரி நிக்கும். நாக்குல சாவியை வச்ச மாதிரி இருக்கும். அந்த மாத்திரையை நான் ஏற்கெனவே முழுங்கினவதானே? ருசி தெரியாதா?"

பெரியவளும் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் குடிச்சே?" என்றார் லிஃப்ட்காரர்.

சின்னவள் தோளைக் குலுக்கினாள். "அக்கா குடுத்தா. ஏதோ சத்துதானே, என்ன பண்ணிடப்போகுதுன்னு நினைச்சேன். அதை வேணாம்னு சொல்லிட்டா அவளுக்கு என்னங்க இருக்கு? நாள் பூரா எனக்காக ஏதாவது செய்யணும்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறா. செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த டம்ளராவது இருக்கட்டும்னு விட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை."

லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே கொஞ்சம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. எத்தனை வருஷமானால் என்ன, அக்கா தங்கை இரண்டு பேருக்கு நடுவே தான் வெளி ஆள்தான் என்று அவருக்கு இன்று எழுதி ஒட்டியாகிவிட்டது.

அவர் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டரம்மா திட்டவில்லையாம். காரணம் தெரிந்ததே நல்லது, இனி உள்ளே போகாமல் இருந்தால் போதும் என்றாராம். ஈரல் பழையபடி தேறுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம். அவ்வளவையும் அவர் சின்னவளிடம் சொன்னார். பெரியவள் பக்கம் திரும்பவில்லை.

வாசலுக்கு வந்து, சின்னவளை வாடகைக் காரில் ஏற்றிய பிறகுதான் திரும்பினார். கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவி."

பெரியவள் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தாள். நகம் உடைந்ததே தவிரக் கழலவில்லை. அவரே வாங்கி, சட்டென்று கழற்றி எடுத்துக்கொண்டு வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, அவ ராத்திரிக்கு என்ன சாப்பிடுவா? நான் வேணும்னா உங்க கண் முன்னாலயே..."

"உங்க எலும்புக்குள்ள இருக்கறது அவளுக்கு வேணும் அண்ணி. அதுக்கு எப்பக் கூப்பிட்டாலும் வாங்க, கால்ல விழுந்து வாங்கிக்கறேன். உங்க கையில இருக்கறது எதுவும் வேணாம். போனும் பண்ணாதீங்க."

கார் கிளம்பியது. பின் கண்ணாடியில் சின்னவள் திரும்பிப் பார்த்தாள். முகமூடி போட்டிருந்ததால் அழுகிறாளா என்று தெரியவில்லை. வெறும் பிளாஸ்க் பெரியவள் கையிலேயே இருந்தது.

போவதற்கு அவளுக்கு விடுதியைத் தவிர வேறு இடம் இல்லை. சாயங்காலமே சமையலறையில் நுழைந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். லீவுதானே என்று உதவிக்காரிகள் கேட்டதற்கு, "முடிஞ்சுபோச்சு" என்றாள். காய் நறுக்கினாள். சூப்பைக் கிளறினாள். அழுகை வந்தபோது வெங்காயத்தின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பெண்கள் தட்டோடு வரிசையில் வர ஆரம்பித்தார்கள். "அக்கா, இன்னிக்கு சூப் பிரமாதம்," என்றாள் ஒருத்தி. ஊரார் பிள்ளைகளெல்லாம் அவள் சமையலில் கன்னம் உப்பி நின்றார்கள். அவள் வளர்த்த ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தக் கை ஆகாமல் போயிற்று. தன் விதியை நினைத்து அவள் மனசு கசந்து வழிந்தது.

போன் அடித்தது. சின்னவள்!

பெரியவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

"அக்கா." குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "சாப்டியா?"

"நீ சாப்டியா? அவர் என்ன குடுத்தார்?"

"ஏதோ கஞ்சி மாதிரி ஒண்ணு பண்ணார். பாவம், அதை அவராலேயே சாப்பிட முடியல." சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அப்புறம் திடீர்னு உக்காந்து அழுதார். அழுது அழுது இப்பத்தான் கண் அசந்திருக்கார்."

"நீயும் படுடி. பேசாதே. மூச்சு வாங்குது உனக்கு."

"அக்கா, ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாதே. எனக்கு ரொம்பக் குளிருது. ரெண்டு போர்வை போட்டும் நிக்கல. உடம்பு லேசா சுடற மாதிரி இருக்கு."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, ஒரு நாள் படுக்கை. வெள்ளையணு இல்லாத உடம்புக்குக் காய்ச்சல் என்றால் அது வேறு. உள்ளே நுழைந்த கிருமியைத் தடுக்க அங்கே ஆளே கிடையாது. லேசாகச் சுட்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று இருந்தால் விடியாமலேயே போகலாம். அந்த வீட்டில் மூன்று பேருக்குமே இது மனப்பாடம்.

"அவரை எழுப்பு," என்றாள். "உடனே எழுப்புடி."

"வேணாம்க்கா. எழுப்பினா இப்பவே தூக்கிட்டு ஓடுவார். தனி ரூம்ல போட்டுக் கதவைச் சாத்துவாங்க, கை பூரா குத்துவாங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி என் படுக்கையில படுத்துக்கறேன். காலையில நானே சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதே. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

உன்கிட்ட மட்டும்தான்! சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தோற்றதை, முதல் காதலை, கடையில் எதையோ உடைத்ததை எல்லாம் அவள் இப்படித்தான் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் பெரியவள் மூடி மறைத்து, ஊட்டி, தூங்க வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான்.

"சொல்லுவேன்," என்றாள்.

"அக்கா!"

"இப்பவே சொல்லுவேன். நீ என்கூட ஜென்மத்துக்கும் பேசாமப் போனாலும் சரி."

"நீயுமா?" என்று கேட்டுவிட்டுச் சின்னவள் போனை வைத்தாள்.

பெரியவள் மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. திரும்ப அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே துண்டிக்கப்பட்டது. மூன்றாவது தடவை மணியே போகவில்லை. அணைத்துவிட்டார். போன் பண்ணாதே என்று சொன்ன பிறகும் பண்ணுகிறாளே என்று நினைத்திருப்பார். அவர்மேல் என்ன தப்பு?

"அக்கா, சூப் தீர்ந்துபோச்சு," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. வரிசையில் இன்னும் பாதிப் பேர் தட்டோடு நின்றார்கள்.

பெரியவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். சமையலறை உடுப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை வீட்டுக்குத் தெருவில் இறங்கி ஓடினாள். ஓடிக்கொண்டே தங்கையின் எண்ணை அழுத்தினாள். எடுடி, திட்டவாவது எடுடி என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.